“நான் ஷேர்தானே செய்தேன்?” – நடிகையின் திருமணம் பற்றிய பேச்சைச் சரிபார்க்க விரும்பும் வாசகருக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

வாசகரின் கடிதம், சுருக்கமாக:

கொங்குப் பகுதியைச் சேர்ந்த 31 வயது வாசகர். பகலில் கணக்கு எழுதும் வேலை. மாலையில் சினிமாச் செய்திகளுக்காக ஒரு முகநூல் பக்கமும் யூடியூப் சேனலும் நடத்துகிறார். கடந்த தேர்தலில் ஒரு கட்சிக்காகப் பிரசாரம் செய்த நடிகை ஒருவரைப் பற்றி, ஓர் அரசியல் விமர்சகர் பேட்டியில் பேசிய 52 விநாடித் துண்டு இவருக்கு வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. முதல் கணவரை முறைப்படி விவாகரத்து செய்யாமலேயே அவர் இரண்டாம் திருமணம் செய்துகொண்டார். இரண்டாம் திருமணம் பதிவாகாததால் அது செல்லாது. இப்போதைய கணவர் கட்சிப் பணத்துக்குப் பினாமி. தவிர, “இப்ப ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இல்லையாமே” என்று ஒரு கொக்கி. இதுதான் அந்த 52 விநாடி.

வாசகர் அதை “வந்ததை அப்படியே பகிர்கிறேன்” என்ற வரியோடு தன் பக்கத்தில் போட்டுவிட்டார். இரண்டு நாளில் மனம் உறுத்தவே, “உண்மை என்ன?” என்று ஒரு சரிபார்ப்பு வீடியோ எடுக்க நினைக்கிறார். இதற்கிடையே முன்பின் தெரியாத ஒருவர், குடும்பநல நீதிமன்ற மனு என்று சொல்லி நான்கு பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். வாசகரின் கேள்விகள்: எப்படிச் சரிபார்ப்பது? அந்த மனுவைக் காட்டலாமா? தலைப்பில் கேள்விக்குறி போட்டால் சிக்கல் வராதுதானே? அவர் பிரபலம்தானே, பேசினால் என்ன? கடைசியாக, விமர்சகர் சொன்னது பொய் என்று தெரிந்தால், ரசிகர் என்ற முறையில் அவர்மேல் வழக்குப் போட முடியுமா?

அன்புள்ள வாசகருக்கு,

சரிபார்க்க வேண்டும் என்று தோன்றியது நல்லது. ஆனால் வீடியோ பிறகு. ஏற்கெனவே உங்கள் பக்கத்தில் கிடக்கும் பதிவை முதலில் கவனியுங்கள். “நான் பேசவில்லை, பகிர்ந்தேன், அவ்வளவுதான்” என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வாதத்தை நீதிமன்றம் ஏற்பதில்லை. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய முகநூல் பதிவொன்றை 2018-ல் பகிர்ந்த நடிகர் எஸ்.வி.சேகர், தான் எழுதியதல்ல, படிக்காமல் பகிர்ந்தது, நீக்கிவிட்டேன், மன்னிப்பும் கேட்டுவிட்டேன் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்ய மறுத்தது. உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. பகிர்பவரும் வெளியிடுபவரே என்பதுதான் இன்றைய நிலை. “வந்ததை அப்படியே” என்ற வரி உங்களைக் காப்பாற்றாது. சரிபார்க்காமல் போட்டேன் என்று நீங்களே எழுதிக் கொடுத்த வாக்குமூலமாகத்தான் எதிர்த்தரப்பு அதை வாசிக்கும்.

எனவே இன்றே செய்ய வேண்டியது: பதிவின் இணைப்பு, போட்ட தேதி, நேரம், எத்தனை பேர் பார்த்தார்கள், பகிர்ந்தார்கள் என்பதெல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் உங்களுக்கு வந்த மூலச் செய்தியை அழிக்காதீர்கள். அதன் பிறகு பதிவை நீக்குங்கள். வரிசை முக்கியம், முதலில் நீக்கிவிட்டால், நீங்கள் போட்டது என்ன, எவ்வளவு நேரம் இருந்தது என்பதற்கு எதிர்த்தரப்பு சொல்வதுதான் கணக்காகிவிடும். பிறகு அதே பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். “இந்தத் தேதியில் ஒரு நடிகையின் தனிவாழ்க்கை பற்றிய காணொளித் துண்டைச் சரிபார்க்காமல் பகிர்ந்தோம். நீக்கிவிட்டோம். வருந்துகிறோம்.” இது போதும். விமர்சகர் என்ன சொன்னார் என்பதைத் திருத்தத்தில் மறுபடி எழுதுவதுதான் பலரும் செய்யும் தவறு. நீக்கியதால் நடந்தது இல்லையென்று ஆகிவிடாது. ஆனால் பாதிப்பு நீடிக்காமல் நிறுத்தியதும், கெட்ட நோக்கம் இல்லை என்று காட்ட ஓர் ஆதாரம் கிடைப்பதும் சின்ன விஷயமல்ல.

விமர்சகர் அப்படித்தான் சொன்னாரா?

கடிதம் முழுக்க, அவர் சொன்னது உண்மையா என்றே கேட்டிருக்கிறீர்கள். அவர் அப்படிச் சொன்னாரா என்பதையே நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. 52 விநாடி என்பது பேட்டியல்ல. மூலத்தைத் தேடுங்கள்: மூலையில் உள்ள லோகோ, பின்னணி அரங்கம், விமர்சகரின் சட்டை, எதிரில் இருக்கும் நெறியாளர். இவற்றை வைத்து சேனலைக் கண்டுபிடித்து, அதன் பழைய பேட்டிகளில் அதே சட்டையும் அரங்கமும் உள்ளதை எடுங்கள். ஒரு காட்சியை நிறுத்திப் படமாக்கி கூகுள் லென்ஸில் போட்டால் பெரும்பாலும் வழி கிடைக்கும். டிரான்ஸ்கிரிப்ட் (பேச்சின் எழுத்து வடிவம்) இருந்தால் அதில் ஒரு சொற்றொடரைத் தேடினால் நிமிடமே கிடைத்துவிடும்.

கிடைத்ததும் அந்த இடத்துக்கு மூன்று நிமிடம் முன்னாலிருந்து மூன்று நிமிடம் பின்வரை கேட்டு, சொல் மாறாமல் எழுதுங்கள். தமிழில் வினை கடைசியில் வரும். “என்று” அதற்கும் பிறகு வரும். “அவங்க விவாகரத்து வாங்கவே இல்ல” என்ற இடத்தில் வெட்டினால் குற்றச்சாட்டு. அடுத்த அரை விநாடியில் “-ன்னு ஒரு கூட்டம் கிளப்பிவிட்டுச்சு, அது பச்சைப் பொய்” என்று தொடர்ந்திருந்தால் அது மறுப்பு. துண்டு வீடியோக்களில் நடக்கும் மோசடியில் பெரும்பங்கு இந்த வெட்டில்தான் இருக்கிறது. ஏஐ எதுவும் தேவையில்லை.

மூலம் கிடைக்கவில்லை என்றால், துண்டைக் கால் வேகத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். மேசையில் இருக்கும் டீ கிளாஸில் அளவு சட்டென்று குறைகிறதா, கை இருந்த இடம் தாவுகிறதா, மூச்சு பாதியில் அறுபடுகிறதா? ‘ம’, ‘ப’ வரும் இடங்களில் உதடு மூட வேண்டும். மூடவில்லை என்றால் குரல் வேறு, படம் வேறு. பின்னணி இசையைச் சேர்த்திருந்தால், ஒட்டுப்போட்ட இடத்தை மறைக்கவா என்று சந்தேகப்படலாம். இவை எல்லாம் சந்தேகத்துக்கான காரணங்களே. மூலம் கிடைக்காதவரை “இப்படிச் சொன்னார்” என்று அவர் பெயரோடு எழுத வேண்டாம். நற்பெயர் நடிகைக்கு மட்டுமல்ல, விமர்சகருக்கும் உண்டு. சொல்லாததைச் சொன்னதாகப் போட்டால் நோட்டீஸ் அந்தப் பக்கத்திலிருந்து வரும்.

மூலம் கிடைத்தால் உடனே தரவிறக்கிப் பாதுகாத்து வையுங்கள். பிரச்சினை என்று தெரிந்ததும் இணைப்பு மாறாமலே நடுப்பகுதியை மட்டும் நறுக்கிவிட யூடியூபில் வசதி இருக்கிறது. நாளை நீதிமன்றத்தில் இந்தக் கோப்பைக் காட்ட வேண்டுமானால், 2023-ம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டம் 63-வது பிரிவின்படி சான்றிதழ் தேவை. அதில் கோப்பின் ஹேஷ் மதிப்பை, அதாவது கோப்புக்குக் கைரேகை போன்ற குறியீட்டை, குறிப்பிட வேண்டும். ஆகவே தரவிறக்கிய அன்றே ஹேஷை எடுத்து, தேதியோடு எழுதி வைத்துவிடுங்கள்.

எதைச் சரிபார்க்கலாம், எதைத் தொடக்கூடாது

விமர்சகர் சொன்ன நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள்.

விவாகரத்து ஆகாமல் மறுமணம் என்பது வம்பு அல்ல, குற்றச்சாட்டு. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-வது பிரிவின்படி, வாழ்க்கைத்துணை உயிரோடு இருக்க மறுமணம் செய்வதற்கு ஏழாண்டு வரை சிறை. ஆக, அந்த விமர்சகர் அந்தப் பெண்மேல் ஒரு குற்றத்தைச் சுமத்துகிறார். இதை உறுதிசெய்ய நீங்கள் நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தரும் இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். தேடலாம். ஆனால் திரைப்பெயரில் யாரும் மனுத் தாக்கல் செய்வதில்லை. இயற்பெயர், அதுவும் ஆங்கில எழுத்துக்கூட்டல் நான்கு விதமாக இருக்கும். வழக்கு வேறு மாவட்டத்திலோ வேறு மாநிலத்திலோ நடந்திருக்கலாம். அதே பெயரில் வேறொரு பெண் இருக்கலாம். அவருடைய வழக்கு எண்ணை எடுத்துப் போட்டால் சம்பந்தமே இல்லாத ஒரு குடும்பத்தைத் தெருவுக்கு இழுத்தவர் ஆவீர்கள். இன்னொன்று, இந்து திருமணச் சட்டம் 29(2)-வது பிரிவு, வழக்காற்றில் உள்ள மணமுறிவையும் ஏற்கிறது. அந்தச் சமூகத்தில் அப்படி ஒரு வழக்கம் இருப்பதை நிரூபித்தால், நீதிமன்றத்தில் ஆவணமே இல்லாத மணமுறிவும் செல்லும். எனவே தேடி ஒன்றும் கிடைக்காவிட்டால் நீங்கள் எழுதக்கூடியது “எங்களுக்கு ஆவணம் கிடைக்கவில்லை” என்பது மட்டுமே. “விவாகரத்து ஆகவில்லை” என்பது வேறு வாக்கியம்; அதை எழுதும் தகுதி உங்கள் தேடலுக்கு இல்லை.

பதிவாகாததால் செல்லாது என்பதற்கு யாரையும் தேட வேண்டாம், சட்டமே பதில் சொல்கிறது. இந்து திருமணச் சட்டம் 8-வது பிரிவு, பதிவு விடுபட்டதால் மட்டும் திருமணத்தின் செல்லுபடி பாதிக்காது என்று வெளிப்படையாகக் கூறுகிறது. தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டுச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கியது உண்மை. ஆனால் கட்டாயம் என்பதற்கும் செல்லாது என்பதற்கும் நடுவே பெரிய தூரம். சடங்குப்படியோ, 1967-ல் தமிழ்நாடு சேர்த்த 7-ஏ பிரிவின்படி மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ நடந்த சுயமரியாதைத் திருமணமாகவோ இருந்தால் அது திருமணம்தான். சிறப்புத் திருமணச் சட்டம் 1954-ன்படி நடந்தால் கதை வேறு. அங்கே திருமண அலுவலர் முன்னிலையில் நடந்து பதிவேட்டில் ஏறுவதே திருமணம். திருமணம் எந்தச் சட்டத்தின்கீழ் நடந்தது என்று தெரியாமல் “செல்லாது” என்று சொன்ன இடத்திலேயே அந்த விமர்சகர் சறுக்கிவிட்டார். உங்கள் வீடியோவில் உறுதியாகச் சொல்லக்கூடிய பகுதி இதுதான், அதுவும் யாருடைய படுக்கையறையையும் எட்டிப் பார்க்காமல்.

பதிவு உண்டா இல்லையா என்று பார்க்க விரும்பினால், இந்து திருமணப் பதிவேடு பார்வைக்குத் திறந்தது என்றும், கட்டணம் செலுத்திச் சான்றிட்ட நகல் கேட்கலாம் என்றும் அதே 8-வது பிரிவு சொல்கிறது. நடைமுறையில் எந்தச் சார்பதிவாளர் அலுவலகம், எந்த ஆண்டு, இருவரின் இயற்பெயர் என்ன என்ற மூன்றும் தெரியாமல் போனால் வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமே என்றால், தனிநபர் தகவல் என்று 8(1)(ஜெ) பிரிவைக் காட்டி மறுத்துவிடுவார்கள்.

பினாமி என்பதும் குற்றச்சாட்டுதான். நடிகை எங்காவது வேட்பாளராக நின்றிருந்தால் படிவம் 26 பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத் தளத்தில் கிடைக்கும். அதில் வாழ்க்கைத்துணையின் சொத்து, கடன், வருமான விவரமும் இருக்கும். பிரசாரம் மட்டும் செய்தவருக்கு அப்படி எதுவும் இல்லை. இருந்தாலும் அது அவர்கள் அறிவித்ததை மட்டுமே காட்டும். பணம் யாருடையது என்பதற்கு அதில் விடை கிடையாது. இந்தக் குற்றச்சாட்டில் உங்களால் செய்யக்கூடியது ஒன்றுதான்: ஆதாரம் என்ன என்று விமர்சகரிடம் எழுத்தில் கேட்பது. ஆவணம், வழக்கு எண், அமலாக்கத் துறையோ வருமான வரித் துறையோ வெளியிட்ட அறிக்கை, எதையாவது காட்டுகிறாரா என்று பாருங்கள். “எல்லாருக்கும் தெரியும்” என்பது பதிலல்ல.

நான்காவது, ஒரே வீட்டில் இருக்கிறார்களா என்பது. இதைச் சரிபார்க்காதீர்கள். இது உண்மையாக இருந்தாலும் உங்கள் பார்வையாளருக்கு எந்தப் பொதுநலனும் இல்லை. “ஒன்றாகத்தான் இருக்கிறார்கள்” என்று நல்லெண்ணத்தில் மறுப்பதும் அதே எட்டிப் பார்த்தல்தான். மேலும் மறுக்கத் தொடங்கினால் அடுத்த வாரம் இன்னொரு துண்டு வரும், அதற்கும் பதில் சொல்லும் நிலைக்கு அந்தப் பெண்ணைத் தள்ளுவீர்கள்.

அந்த நான்கு பக்கம் மனு

திரையில் காட்டாதீர்கள். மங்கலாக்கியும் காட்டாதீர்கள். இந்து திருமணச் சட்டம் 22-வது பிரிவின்படி இந்த வழக்குகள் மூடிய அறையில் நடக்க வேண்டியவை. நடவடிக்கை தொடர்பான எதையும் அச்சிடவோ வெளியிடவோ கூடாது. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்பை நீதிமன்ற முன்அனுமதியுடன் வெளியிடுவது மட்டுமே விலக்கு. அபராதம் 1,000 ரூபாய்தான் என்று அலட்சியம் வேண்டாம். அந்த ஆயிரத்தோடு, அந்தரங்க மீறலுக்கும் அவதூறுக்கும் இழப்பீடு கேட்கும் உரிமையியல் வழக்குக்கு நீங்களே கதவைத் திறந்துவிடுகிறீர்கள்.

அது போலியாகவும் இருக்கலாம் என்பதை மறக்காதீர்கள். உண்மையான மனுவாகவே இருந்தாலும், அது ஒரு தரப்பு சொல்வது மட்டுமே. மனு தாக்கலானதற்கும் நிரூபிக்கப்பட்டதற்கும் சம்பந்தமில்லை. திரும்பப் பெறப்பட்டிருக்கலாம், சமரசமாகியிருக்கலாம். அனுப்பியவர் யார், ஏன் உங்களுக்கு அனுப்பினார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். வேறு எவருக்கும் அனுப்பாமல், யாரிடமும் அதைப் பற்றிப் பேசாமல் வைத்திருங்கள்.

கேள்விக்குறியும் ‘பிரபலம்தானே’யும்

தலைப்பில் கேள்விக்குறி போடுவது, “இல்லையாமே” என்று இழுப்பது, கிண்டலாகச் சொல்வது எதுவும் கவசமல்ல. “இதுவா, அதுவா” என்ற வடிவில் சொன்னாலும் நையாண்டியாகச் சொன்னாலும் அவதூறு ஆகலாம் என்று சட்டத்தின் விளக்கமே சொல்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டம் 499-லும் அது இருந்தது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 356-லும் இருக்கிறது. தண்டனை இரண்டாண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. பெண்ணின் மாண்பை இழிவுபடுத்தும் சொற்களாக இருந்தால் 79-வது பிரிவும் வரலாம். அதில் மூன்றாண்டு வரை.

“உண்மை என்றால் பயமில்லையே” என்ற நம்பிக்கையும் பாதிதான் சரி. உரிமையியல் வழக்கில் உண்மை நல்ல எதிர்வாதம். குற்றவியல் அவதூறில் அது உண்மையாகவும் இருக்க வேண்டும், வெளியிட்டது பொது நன்மைக்காகவும் இருக்க வேண்டும். இரண்டையும் காட்டும் பொறுப்பு உங்கள்மேல். ஒரு நடிகையின் மணமுறிவில் என்ன பொது நன்மை என்று மாஜிஸ்திரேட் கேட்டால், பார்வையாளர் எண்ணிக்கையைக் காட்ட முடியாது. விளம்பர வருமானம் வரும் சேனல் என்பதும் உங்களுக்கு எதிராகவே பேசும்.

பிரபலம் என்பதற்கும் எல்லை உண்டு. ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் வெளியிடுவது தொடர்பான ராஜகோபால் வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புதான் இன்றைக்கும் அடிப்படை: குடும்பம், திருமணம், தாய்மை, குழந்தைப்பேறு போன்றவற்றில் ஒருவரின் அந்தரங்கத்தை அவர் சம்மதமில்லாமல் வெளியிடக்கூடாது. பொது ஆவணத்தில் இருப்பதை எழுதலாம். தாமாக முன்வந்து சர்ச்சையில் இறங்கியவர்களின் நிலை சற்று மாறும். நடிகை மேடையில் பேசியதை, கட்சி நிலைப்பாட்டை, பிரசாரத்துக்குச் சம்பளம் வாங்கினாரா என்பதைத் தாராளமாக அலசுங்கள். மேடை ஏறியதால் வீட்டுக்கதவும் திறந்துவிட்டதாக ஆகாது. தன் திருமணத்தைத் தானே பேட்டியில் பேசியிருந்தால், அவர் பேசிய அளவு வரை மேற்கோள் காட்டலாம்.

வீடியோ எடுப்பதானால்

இரண்டு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: துண்டு எங்கிருந்து வெட்டப்பட்டது, பதிவாகாத திருமணம் பற்றிச் சட்டம் சொல்வது என்ன. வெளியிடும் முன் நடிகையின் மேலாளர், விமர்சகர், சேனல் மூவருக்கும் மின்னஞ்சலில் குறிப்பான கேள்விகள் அனுப்பி, குறைந்தது இரண்டு வேலை நாள் கொடுங்கள். பதில் வராவிட்டால் “பதில் வரவில்லை” என்று மட்டும் சொல்லுங்கள். “மௌனம் சாதிக்கிறார்” என்றால் அது குற்றச்சாட்டு.

சிக்கல் பெரும்பாலும் தம்ப்நெயிலில், அதாவது வீடியோவின் முகப்புப் படத்தில்தான் தொடங்குகிறது. உள்ளே பத்து நிமிடம் நிதானமாகப் பேசிவிட்டு, வெளியே நடிகையின் அழுத முகமும் சிவப்பு எழுத்தில் “ரெண்டாவது கல்யாணம் செல்லாதா?” என்றும் போட்டால், நூறு பேர் தம்ப்நெயிலை மட்டும் பார்த்துவிட்டுப் போவார்கள். அவர்களுக்கு நீங்கள் வெளியிட்டது அதுதான். படத்தில் முகமே வேண்டாம், “பதிவு செய்யாத திருமணம் செல்லுமா?” என்ற பொதுக் கேள்வி போதும். விமர்சகரின் 52 விநாடியை முழுதாக ஓட்டாதீர்கள். வெட்டு விழுந்த சில விநாடி மட்டும் போதும். குழந்தைகளின் பெயர், படம், பள்ளி எதுவும் எந்த இடத்திலும் வரக்கூடாது. கருத்துப் பகுதியை மூடிவிடுங்கள், அல்லது ஒவ்வொன்றாகப் பார்த்து அனுமதியுங்கள். அங்கே கிடக்கும் வசவை நீங்கள் பார்த்தும் விட்டுவைத்தால் உங்கள் நல்லெண்ண வாதம் ஆட்டம் காணும்.

விமர்சகர்மேல் வழக்கு?

ரசிகர் என்ற முறையில் முடியாது. அவதூறு வழக்கைப் பாதிக்கப்பட்டவர்தான் தொடுக்க வேண்டும். 2005-ல் நடிகை குஷ்பு பத்திரிகைக்குச் சொன்ன கருத்தை எதிர்த்துப் பலரும் தொடுத்த 23 புகார்களை 2010-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று, புகார்தாரர்கள் யாரும் பாதிக்கப்பட்டவர் அல்லர் என்பது. நீங்கள் செய்யக்கூடியது, வெட்டப்படாத மூலத்தின் இணைப்பையும் ஹேஷோடு சேமித்த கோப்பையும் நடிகையின் மேலாளருக்கு அனுப்பிவைப்பது. வழக்குத் தொடுப்பதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்வார். உரிமையியல் வழக்குக்கு அவருக்கு வெளியான நாளிலிருந்து ஓராண்டும், குற்றவியல் புகாருக்கு மூன்றாண்டும் காலக்கெடு இருக்கிறது.

அந்தக் காலக்கெடு உங்கள் பழைய பதிவுக்கும் பொருந்தும். வழக்கறிஞர் நோட்டீஸ் வந்தால் பதறாதீர்கள், அது வழக்கு அல்ல. ஆனால் அதைப் படம் பிடித்துப் பக்கத்தில் போட்டு “பார்த்துக்கலாம்” என்று எழுதவும் வேண்டாம். அதில் குறிப்பிட்ட நாட்களுக்குள், நீங்கள் எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட், நீக்கிய தேதி, திருத்தப் பதிவு மூன்றையும் இணைத்து, உங்கள் ஊர் வழக்கறிஞர் மூலம் பதில் அனுப்புங்கள்.